முகப்பிலிருந்து அடுப்படி வரை: பாக்கெட் ரேடியோ என்றால் என்ன?

காரைக்குடியில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு ஆன்டெனா நிற்கிறது. தெருவில் போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்பதில் மூன்று தினுசு உண்டு. வயதானவர்கள், "தூர்தர்ஷன் இன்னும் வருதாப்பா?" என்பார்கள். நடுவயதுக்காரர்கள், "டவருக்கு மாசம் எவ்வளவு வாடகை தர்றான்?" என்பார்கள். கல்லூரிப் பையன்கள் யூடியூபில் எதையோ பார்த்துவிட்டு வந்து, "அண்ணே, ஹாம் ரேடியோவுல கம்ப்யூட்டரை மாட்டுனா ரீசார்ஜ் பண்ணாமலே வாட்ஸ்அப் அனுப்பலாமாமே?" என்பார்கள்.

முதல் இரண்டுக்கும் 'இல்லை' என்றால் போதும். மூன்றாவதற்கு 'ஆமாம்' என்றாலும் தப்பு, 'இல்லை' என்றாலும் தப்பு.

ஹாம் ரேடியோ என்பது அரசு உரிமம் வாங்கிக்கொண்டு தனி ஆள்கள் பொழுதுபோக்காக நடத்தும் ரேடியோ; நடத்துபவருக்கும் ஹாம் என்றே பெயர். அந்த ரேடியோவோடு கம்ப்யூட்டரை இணைத்து எழுத்துச் செய்தி அனுப்ப முடியும் என்பது உண்மை. சிம் வேண்டாம், டவர் வேண்டாம், இணையம் வேண்டாம். இதற்குப் பாக்கெட் ரேடியோ என்று பெயர். ஆனால் இது இணையம் ஆகாது. வேகம் ரொம்பக் குறைவு, ரகசியம் துளியும் கிடையாது. உரிமம் இல்லாமல் கை வைத்தால் சட்டப்படி குற்றம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை அமைக்கப் பார்த்துப் பாதியில் கைவிட்டவர்களில் எனக்குத் தெரிந்த எல்லாருமே பிழையை மென்பொருளில் தேடியவர்கள், அல்லது வாட்டை, அதாவது ரேடியோ அனுப்பும் சக்தியை, கூட்டிப் பார்த்தவர்கள். பிழை இருந்ததோ சத்தத்தில். அது ஏன் என்று புரிய வேண்டுமானால் முதலில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும்.

ஒரே வீடு, ஒரே காற்று

நம் ஊர்ப் பெரிய வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் பட்டாலை, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாம் கட்டு, அதற்கும் பின்னால் அடுப்படி. முகப்பில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். காப்பி வேண்டும் என்று அடுப்படிக்குச் சொல்ல வேண்டும். செல்போன் வராத காலத்தில் என்ன செய்வார்கள்? சத்தம் போடுவார்கள்.

ஆனால் சும்மா சத்தம் போட்டால் வேலை நடக்காது. வீட்டில் ஐம்பது பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதனால், "அடுப்படி ஆச்சி, முகப்புலேர்ந்து சொல்றேன், பத்துக் காப்பி!" என்று யாருக்கு, யார், என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். வேறு யாராவது கத்திக்கொண்டிருந்தால் அவர் முடிக்கும்வரை பொறுக்க வேண்டும். அடுப்படியிலிருந்து "சரி, பத்து!" என்று பதில் வரும்வரை விடக் கூடாது. குரல் எட்டவில்லை என்றால் வளவில் நிற்கும் பையன் அதை அப்படியே வாங்கித் திருப்பிச் சொல்ல வேண்டும்.

பாக்கெட் ரேடியோவில் மொத்தமே இவ்வளவுதான். டெலிபோனில் இரண்டு பேருக்கு ஒரு கம்பி; அந்தக் கம்பி முழுக்க அவர்களுக்கே சொந்தம். ரேடியோவில் ஒரு அலைவரிசை, அதாவது எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரே அதிர்வெண், வளவின் காற்றைப் போல எல்லாருக்கும் பொது. ஒருவர் பேசினால் எல்லார் காதிலும் விழும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் யாருக்கும் புரியாது.

விலாசமும் அடித்தொகையும்

பாக்கெட் என்றால் பொட்டலம்தான். நீளமான செய்தியைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் முகவரியும் பின்னால் ஒரு சரிபார்ப்பு எண்ணும் சேர்த்துக் கட்டிய பொட்டலம்.

முகவரி விஷயம் நம் பக்கத்து ஆள்களுக்குச் சுலபமாகப் புரியும். ரங்கூனிலும் பினாங்கிலும் கடை நடத்திய நகரத்தார்களுக்கு முழுப்பெயரைவிட, முன்னெழுத்துகளைக் கோத்துச் செய்த 'விலாசம்'தான் முக்கியம். விலாசத்தைப் பார்த்தாலே எந்தக் கடை, எந்தக் குடும்பம் என்று தெரிந்துவிடும். ஹாம் ரேடியோவில் அந்த வேலையைச் செய்வது அழைப்புக்குறி. உரிமம் தரும்போது அரசு கொடுக்கும் அடையாளம் அது. இந்திய ஹாம்களுக்குப் பெரும்பாலும் வியு2 அல்லது வியு3 என்று தொடங்கும், பின்னால் சில எழுத்துகள் வரும். உலகத்தில் ஒருவருக்கு இருப்பது இன்னொருவருக்குக் கிடையாது.

ஒரே விலாசத்துக்கு இரண்டு மூன்று ஊரில் கிளைக் கடை இருந்தது போல, ஒரே அழைப்புக்குறிக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு எண் சேர்த்துக்கொள்ளலாம். 0 முதல் 15 வரை, மொத்தம் 16 கிளை. வீட்டில் இருப்பது ஒன்று, காரில் இருப்பது ஒன்று, மாடியில் தானாக ஓடுவது ஒன்று என்று பிரித்துக்கொள்ள இது உதவும்.

சரிபார்ப்பு எண்ணுக்குப் பேரேட்டைப் பாருங்கள். பக்கத்தின் அடியில் கணக்கப்பிள்ளை ஒரு தொகை போட்டிருப்பார். வாங்கிப் பார்ப்பவர் மேலே உள்ளதைத் தானும் கூட்டிப் பார்ப்பார். அடித்தொகையோடு ஒத்துப்போகாவிட்டால் எங்கே தப்பு என்று தெரியாது, ஆனால் தப்பு இருக்கிறது என்பது தெரிந்துவிடும். பாக்கெட்டின் கடைசியிலும் இப்படி ஒரு எண் இருக்கிறது. கூட்டல் கொஞ்சம் ஏமாளி. ஓரிடத்தில் ஐந்து கூடி இன்னோரிடத்தில் ஐந்து குறைந்தால் கண்டுபிடிக்காது. அதனால் இங்கே கூட்டலுக்குப் பதிலாக ஒரு தினுசான வகுத்தல் செய்து மீதியை அனுப்புகிறார்கள். அந்த மீதிக்கு 65,536 விதமான மதிப்புகள் உண்டு. கன்னாபின்னாவென்று சிதைந்த ஒரு பாக்கெட் தற்செயலாகச் சரியான மீதியோடு உள்ளே நுழைவது 65,536-இல் ஒரு தடவைதான். மீதி ஒத்துப்போகாத பாக்கெட்டைக் கம்ப்யூட்டர் அப்படியே குப்பையில் போட்டுவிடும். பாதி நல்லது, பாதி கெட்டது என்ற பேச்சே கிடையாது.

பொட்டலம் கட்டும் இந்த விதிகளுக்கு ஏஎக்ஸ்.25 என்று பெயர். டெலிபோன் கம்பெனிகள் கம்ப்யூட்டர் வலைக்காக வைத்திருந்த எக்ஸ்.25 என்ற விதியை ஹாம்கள் தங்களுக்குத் தோதாகத் தைத்துக்கொண்டது. அதன் 2.0 பதிப்பை 1984-இல் அமெரிக்க ஹாம் சங்கமான ஏஆர்ஆர்எல் வெளியிட்டது. இன்றும் அடிப்படை அதுதான்.

இதுவரை பார்த்தது: எல்லாருக்கும் பொதுவான ஒரே அலைவரிசை. அதில் போவது சின்னச் சின்னப் பொட்டலம். ஒவ்வொன்றிலும் அனுப்புபவர், பெறுபவர் அழைப்புக்குறியும், கடைசியில் சரிபார்ப்பு எண்ணும் இருக்கும்.

எழுத்து எப்படிச் சத்தமாகிறது?

சாதாரண ஹாம் ரேடியோவுக்குப் பேச்சுதான் தெரியும். மைக்கில் போகும் சத்தத்தை அலையில் ஏற்றும். அங்கே அலையிலிருந்து சத்தத்தை இறக்கி ஸ்பீக்கரில் விடும். 0, 1 என்றெல்லாம் சொன்னால் அதற்குப் புரியாது. அதனால் 0-ஐயும் 1-ஐயும் சத்தமாக்கித்தான் கொடுக்க வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்வது மோடம்.

நாம் பயன்படுத்தும் வழக்கமான முறையில் இரண்டே சுருதி. ஒன்று விநாடிக்கு 1,200 அதிர்வு, இன்னொன்று 2,200. பேச்சு ரேடியோ சுமாராக 300 முதல் 3,000 அதிர்வு வரை உள்ள சத்தத்தைத்தான் ஒழுங்காகக் கடத்தும். இரண்டு சுருதியும் அதற்குள் அடக்கம். ஒரு விநாடிக்கு 1,200 முறை, 'இப்போது எந்தச் சுருதி?' என்று எதிர்முனை பார்க்கும்.

இங்கே பலர் வழுக்கி விழும் ஒரு இடம் உண்டு. தாழ்ந்த சுருதி என்றால் 1, உயர்ந்த சுருதி என்றால் 0 என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில், முன்பு இருந்த சுருதி மாறினால் 0, மாறாமல் அப்படியே தொடர்ந்தால் 1. எந்தச் சுருதி என்பதற்குப் பொருளே இல்லை, மாறியதா இல்லையா என்பதுதான் சேதி.

காதில் கேட்டால் எப்படி இருக்கும்? முதலில் அரை விநாடிக்கும் குறைவாக ஒரு சீரான 'ர்ர்ர்' ஒலி. உடனே அது கரகரப்பாகி, மழை விட்ட ராத்திரியில் சில்வண்டு ஒன்று தொண்டையைச் செருமியது போல இழுத்துவிட்டுச் சட்டென்று நின்றுவிடும். அந்த முதல் 'ர்ர்ர்' வீண் சத்தமில்லை. 'வருகிறேன், தயாராக இரு' என்று எதிர்முனை மோடத்தைத் தட்டி எழுப்பும் நேரம் அது. பின்னால் நமக்கு இது தேவைப்படும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பேசுவதற்கு முன் கேட்பது

1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் தீவுகளுக்கு நடுவே கம்ப்யூட்டர்களை ரேடியோவால் இணைத்தார்கள். அலோஹாநெட் என்று பெயர். அதன் விதி ரொம்பச் சுலபம்: சொல்ல வேண்டுமா, சொல்லிவிடு, பதில் வராவிட்டால் கொஞ்சம் பொறுத்துத் திரும்பச் சொல். யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த முறையில் அலைவரிசையின் நேரத்தில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும். மீதி மோதலிலும் மௌனத்திலும் போய்விடும். ஆனாலும் இன்று வீட்டில் இருக்கும் வைஃபைக்கு இதுதான் பாட்டன்.

பாக்கெட் ரேடியோ ஒரு படி மேல்: முதலில் கேட்கும். அலைவரிசையில் யாராவது இருந்தால் காத்திருக்கும். சரி, அவர் முடித்தவுடன் பேசலாமா? கூடாது. காத்திருந்த நாலு பேரும் அதே நொடியில் ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு நிலையமும் மனத்துக்குள் தாயக்கட்டை உருட்டும். பத்தில் ஒரு விநாடிக்கு ஒரு முறை உருட்டி, நாலில் ஒரு வாய்ப்பு விழுந்தால்தான் பேசும். பல மென்பொருள்களில் தொடக்கத்தில் வைத்திருக்கும் அளவு இதுதான். அலைவரிசையில் ஆள் கூடக் கூட இந்த வாய்ப்பைக் குறைத்துக்கொள்வது மரியாதை.

இதற்கும் அடங்காத ஒரு சிக்கல் இருக்கிறது. முகப்பில் நிற்பவரும் பின்கட்டில் நிற்பவரும் வளவில் உள்ள பையனை ஒரே நேரத்தில் கூப்பிடுகிறார்கள். இவர் குரல் அவருக்குக் கேட்காது, அவர் குரல் இவருக்குக் கேட்காது. இருவருமே 'யாரும் பேசவில்லை' என்று நம்பித்தான் கத்தினார்கள். நடுவில் நிற்கும் பையன் காதில் மட்டும் இரண்டும் மோதும். ரேடியோவிலும் அப்படியே. ஒருவரையொருவர் கேட்க முடியாத இரு நிலையங்கள் நடுவில் உள்ள மூன்றாவதன் காதைக் கெடுக்கும். இதற்கு முழுத் தீர்வு கிடையாது. ஆன்டெனாவை உயர்த்தி ஒருவரையொருவர் கேட்கும்படி செய்வதும், சுருக்கமாகப் பேசுவதும்தான் வழி.

ரசீது உண்டா, இல்லையா?

பாக்கெட்டை இரண்டு விதமாக அனுப்பலாம். முதலாவது பதிவுத் தபால் மாதிரி. இரண்டு நிலையங்கள் முதலில் 'பேசலாமா', 'பேசலாம்' என்று இணைப்பு ஏற்படுத்திக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வரிசை எண். கிடைத்ததும் எதிர்முனை 'இதுவரை வந்து சேர்ந்தது' என்று ரசீது அனுப்பும். ரசீது குறிப்பிட்ட நேரத்துக்குள் வராவிட்டால் அனுப்பியவர் தானாகவே திரும்ப அனுப்புவார். ஒரு அளவுக்கு மேல் முயன்றும் பலிக்காவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடும்.

இரண்டாவது, கோயில் மைக்செட். சொல்வதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான். யார் கேட்டார், கேட்கவில்லை என்ற கவலை இல்லை. அமெரிக்காவின் பாப் புரூனிங்கா உருவாக்கிய ஏபிஆர்எஸ் என்ற முறை இப்படித்தான் வேலை செய்கிறது. 'நான் இங்கே இருக்கிறேன், இங்கே வெப்பநிலை இவ்வளவு' என்பது போன்ற சிறு தகவல்களை எல்லாரும் கேட்கும்படி அவ்வப்போது ஒலிபரப்பும். சர்வதேச விண்வெளி நிலையத்தில்கூட 145.825 மெகாஹெர்ட்ஸில் இத்தகைய பாக்கெட்டுகளை வாங்கித் திருப்பிச் சொல்லும் ஹாம் கருவி இருக்கிறது. அது இயக்கத்தில் இருக்கும் நாளில், நிலையம் நம் தலைக்குமேல் போகும் அந்தப் பத்து நிமிடத்துக்குள், மாடியிலிருந்தே அதன் சத்தத்தைக் கேட்கலாம்.

வாங்கித் திருப்பிச் சொல்லும் கருவிக்கு டிஜிபீட்டர் என்று பெயர். வளவில் நிற்கும் பையன்தான் அது. ஆனால் அவனை நம்பிப் பதிவுத் தபால் அனுப்பும்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தாவலிலும் பத்துக்கு எட்டு பாக்கெட் போய்ச் சேருவதாக வைத்துக்கொள்வோம். முகப்பிலிருந்து வளவு, வளவிலிருந்து அடுப்படி, ரசீது அதே வழியில் திரும்ப. மொத்தம் நாலு தாவல். நாலும் பலிக்கும் வாய்ப்பு 41 சதவீதம்தான். நாலில் ஒன்று தவறினாலும் பழையபடி முகப்பிலிருந்தே தொடங்க வேண்டும். 80 என்பது இப்படித்தான் 41 ஆகிறது. 'நடுவில் இன்னொரு டிஜிபீட்டர் போட்டால் சரியாகிவிடும்' என்கிறவர்களிடம் நான் முதலில் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

சுருக்கமாக: ரசீதோடு பேசினால் நிச்சயம் உண்டு, வேகம் குறையும். ரசீது இல்லாமல் சொன்னால் வேகம் உண்டு, நிச்சயம் இல்லை. நடுவில் ஆள் கூடக் கூட ரசீது பாடு திண்டாட்டம்.

என்னென்ன வேண்டும்?

ஒரு எஃப்எம் ஹாம் ரேடியோ. கையடக்கமானதே ஆரம்பத்துக்குப் போதும். ஒரு கம்ப்யூட்டர், பழைய லேப்டாப்பானாலும் சரி, ராஸ்ப்பெர்ரி பை போன்ற சின்னப் பலகையானாலும் சரி. முன்பெல்லாம் நடுவில் டிஎன்சி என்று ஒரு தனிப் பெட்டி வேண்டும். மோடமும் பொட்டலம் கட்டும் வேலையும் அதற்குள் இருக்கும். இப்போது கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டே மோடமாகிவிட்டது. டயர் வுல்ஃப் என்ற இலவச மென்பொருள் அந்தப் பெட்டியின் வேலை முழுவதையும் பார்த்துக்கொள்கிறது.

மிச்சம் இருப்பது ரேடியோவையும் கம்ப்யூட்டரையும் சேர்க்கும் கேபிள். மூன்று இணைப்புதான். ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து கம்ப்யூட்டரின் மைக்குக்கு ஒன்று, அது காது. கம்ப்யூட்டரின் ஹெட்போன் துளையிலிருந்து ரேடியோவின் மைக்குக்கு ஒன்று, அது வாய். மூன்றாவது பிடிடி, அதாவது பேசும்போது அமுக்கும் பொத்தானை விரலுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் அமுக்குவதற்கான கம்பி.

வாய்க் கம்பியில்தான் கண்டம். ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வோல்ட் அளவுக்குச் சத்தம் வரும். ரேடியோவின் மைக்குக்கு வேண்டியது அதில் நூறில் ஒரு பங்குதான். அதனால் நடுவில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகவும், 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தரைக் கம்பிக்கும் (கிரவுண்ட்) வைத்து மட்டுப்படுத்த வேண்டும். இரண்டும் எங்கள் தெரு டிவி மெக்கானிக்கின் டப்பாவிலேயே கிடைத்தன. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். கரண்ட் இரைச்சல் கலந்து 'ம்ம்ம்' என்று கேட்டால் நடுவில் ஒரு சின்ன ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் அடங்கும்.

பிடிடிக்குச் சோம்பேறி வழி ஒன்று உண்டு. சத்தம் வந்தால் தானாக அனுப்பும் வாக்ஸ் வசதி பல ரேடியோக்களில் இருக்கிறது. வேலை செய்யும், ஆனால் ஆரம்பத்தை விழுங்கும், முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் வாயை மூடாது. யுஎஸ்பி சீரியல் கேபிள் ஒன்றும் டிரான்சிஸ்டர் ஒன்றும் வைத்து முறையாகச் செய்துவிடுவது நல்லது.

ஒரு வாரம் தொலைந்த கதை

தேவகோட்டையில் என் நண்பர் ஒருவர், இங்கே நான். குரல் பேச்சு கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கேபிளை மாட்டினோம். அவருடைய பாக்கெட் எனக்குக் கணீரென்று கேட்டது. திரையில் ஒரு எழுத்துகூட வரவில்லை. மென்பொருளை அழித்துத் திரும்ப ஏற்றினேன். மறுநாள் அவர் ஐந்து வாட் ரேடியோவை வைத்துவிட்டு 25 வாட் ரேடியோவை எடுத்தார். இன்னும் கணீரென்று கேட்டது. திரை வெறுமை.

ஒரு வாரம் கழித்துத்தான் அவர் லேப்டாப்பின் வால்யூம் நூறில் இருப்பதை யாரோ கவனித்தார்கள். முப்பதுக்கு இறக்கியதும் அடுத்த பாக்கெட்டே திரையில் விழுந்தது.

காரணம் இதுதான். எஃப்எம் ரேடியோவுக்குள் அதிகச் சத்தம் போனால், வரம்பு தாண்டாமல் இருக்க அது சத்தத்தின் உச்சிகளை வெட்டிவிடும். உருண்டையாக இருந்த அலை சதுரமாகிவிடும். நம் காது இதைப் பொருட்படுத்தாது. 'நல்லாத்தானே கேக்குது' என்னும். மோடத்துக்கோ இரண்டு சுருதியும் ஒன்றோடொன்று கலங்கிய குட்டை. வாட்டைக் கூட்டினால் கலங்கிய அதே தண்ணீர் இன்னும் வேகமாக வந்து சேரும், அவ்வளவுதான்.

கேட்கும் பக்கத்திலும் இதே கதை. டயர் வுல்ஃப் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் சத்த அளவு என்று ஒரு எண் காட்டும். அது 50-ஐ ஒட்டி இருக்கும்படி ரேடியோவின் வால்யூமைத் திருப்பினால் நிம்மதி. ஸ்குவெல்ச், அதாவது யாரும் பேசாதபோது இரைச்சலை அடைக்கும் கதவு, திறந்தே இருக்கட்டும். கதவு திறக்கும் நேரத்தில் பாக்கெட்டின் தலை போய்விடும். கையடக்க ரேடியோவில் பேட்டரி சேமிப்பு வசதியை அணைத்துவிடுங்கள். அது விட்டுவிட்டுத் தூங்கும். முன்னால் சொன்ன அந்த 'ர்ர்ர்' நேரம் இதற்குத்தான் கைகொடுக்கிறது. 0.3 விநாடி என்பது வழக்கமான தொடக்க அளவு. எதிர்முனை ரேடியோ மந்தமானது என்றால் 0.5 வரை போகலாம். அதற்குமேல் போனால் மற்றவர்கள் நேரத்தைத் தின்கிறீர்கள்.

கம்ப்யூட்டரில் இரைச்சல் நீக்கும் வசதி, குரலைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். அப்படியே நோட்டிஃபிகேஷன் சத்தத்தையும். எனக்கு மெயில் வந்த 'டிங்' ஒன்று வாக்ஸ் புண்ணியத்தில் தேவகோட்டை வரை போய்ச் சேர்ந்தது.

உயரமும் தூரமும்

எங்கள் பக்கம் செம்புறைமண் பூமி, பெரும்பாலும் தட்டை. மலை மறைக்காது, மலை உதவியும் செய்யாது. நாம் பயன்படுத்தும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அது எட்டிப் பார்க்கும் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். பத்து மீட்டர் உயரத்துக்கு 13 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் பத்து மீட்டர் என்றால் 26. காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் அது தாராளம். இரண்டு பேரும் தெருவில் ரேடியோவைக் கையில் பிடித்து நின்றால் கணக்குப்படி பத்து கிலோமீட்டர். நடுவில் உள்ள வீடுகளின் கனத்த சுவர்கள் அதையும் விடாது. குன்றக்குடி மலையைப் பார்க்கும்போதெல்லாம் அங்கே ஒரு டிஜிபீட்டர் வைத்தால் எப்படி இருக்கும் என்று மனசு அலைபாயும். அனுமதி என்று ஒன்று இருக்கிறதே.

ஆன்டெனா வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. இந்த அதிர்வெண்ணுக்குக் கால் அலை நீளம் சுமார் அரை மீட்டர். அந்த அளவுக்குக் கம்பி வெட்டி நாமே செய்துகொள்ளலாம். செங்குத்தாக நிற்க வேண்டும். இடி மின்னல் நேரத்தில் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.

உரிமம்

மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையில் டபிள்யூபிசி என்ற பிரிவு தேர்வு நடத்துகிறது. ரேடியோவின் அடிப்படை, சட்டவிதிகள் இரண்டிலும் கேள்வி வரும். 12 வயது நிரம்பியவர் எழுதலாம். கடைப்பொருள் கணக்கு, கூலி, வியாபாரம் எதையும் இதில் அனுப்பக் கூடாது. செய்தியைப் பூட்டிட்டு மறைக்கவும் கூடாது. வாட்ஸ்அப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அந்த ரகசியப் பூட்டு இங்கே குற்றம். வளவில் சொன்னது எல்லார் காதுக்கும்தான்.

எவ்வளவு வேகம்?

விநாடிக்கு 1,200 தடவை 0 அல்லது 1 என்றால், எட்டு சேர்ந்தது ஒரு பைட் என்ற கணக்கில் 150 பைட். ஒரு பைட் என்பது ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஆகும் இடம். 150 கிலோபைட் புகைப்படம் ஒன்றை இடைவெளியே விடாமல் அனுப்பினாலும் 17 நிமிடம் ஆகும். அதுவரை ஊரில் வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. வாட்ஸ்அப் கேட்ட தம்பிக்கு இதுதான் பதில்.

அப்படியானால் எதற்கு? 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது புதுக்கோட்டைப் பக்கம் நாள்கணக்கில் கரண்டும் இல்லை, செல்போனும் இல்லை. அப்படி ஒரு நாளில் நாற்பது பேர் பெயரும் வயதும் மருந்தும் கொண்ட பட்டியலைக் குரலில் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு மருந்துப் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொல்லி, எதிர்முனை தப்பாக எழுதி, திரும்பக் கேட்டு, அரை மணி நேரம் போய்விடும். பாக்கெட்டில் அது ஒரு நிமிடத்துக்குள், எழுத்துப் பிசகாமல் போய்ச் சேரும். ஒரு கார் பேட்டரி போதும்.

தமிழில் அனுப்பலாமா என்றால், தாராளமாக. ஆனால் செலவு கூட. இன்று கம்ப்யூட்டர்கள் தமிழை எழுதி வைக்கும் முறையில் உயிர்க்குறி, புள்ளி உட்பட ஒவ்வொரு துணுக்குக்கும் மூன்று பைட். 'வணக்கம்' என்பதற்கு 21. ஒரு பாக்கெட்டில் வழக்கமாக 256 பைட்தான் கொள்ளும் என்பதால், தமிழில் 85 துணுக்குக்கு மேல் போனால் அடுத்த பொட்டலம். பழைய மென்பொருள் சிலவற்றில் கட்டம் கட்டமாகத் தெரியும். இரண்டு பக்கமும் புதிய மென்பொருள் இருந்தால் சிக்கல் இல்லை.

தேவகோட்டை நண்பர் வால்யூமை முப்பதுக்கு இறக்கிய அன்று என் திரையில் விழுந்த முதல் பாக்கெட்டில் ஒரே வார்த்தைதான் இருந்தது: "சாப்பிட்டாச்சா". 42 பைட். 'ஆச்சு' என்று 15 பைட்டில் பதில் அனுப்பினேன். என் பக்கம் வால்யூம் இன்னும் எண்பதில் இருந்தது. மூன்றாவது முயற்சியில்தான் ரசீது வந்தது.